மானத்தைச் செலவழிக்கும் சீட்டாட்டம்

போன மே மாத லீவில் அக்கா மகன் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினான். ஒன்பதாவது முடித்திருந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போன நேரத்தில், என் புத்தக அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு பெட்டியை வெளியே இழுத்தான். முகமூடி போட்ட ஒரு மனிதனின் படம் இருந்த சீட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன சீட்டு மாமா? ரம்மியா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பிள்ளைக்குச் சீட்டெல்லாம் பழக்கிவிடாதடா."

எங்கள் குடும்பத்தில் சீட்டு என்றால் தாத்தா காலத்துக் கதை ஒன்று உண்டு. அடகுக்குப் போய்த் திரும்பாத ஒரு ஜோடி வளையல். அதனால் அம்மாவின் பயம் எனக்குப் புரியும். இதில் காசு வைத்து ஆடுவது கிடையாதம்மா, இது ஒரு கதை என்று சொன்னேன். "கதைன்னா புஸ்தகத்துல படிக்கலாமே, அதுக்கு எதுக்குச் சீட்டு?" என்றார். நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டேயிராத ஒருவருக்குச் சொல்வதுபோல, முதலிலிருந்து.

ஆட்டத்தின் பெயர் லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ். ஆடுகிறவர்கள் 'எல்-ஃபைவ்-ஆர்' என்பார்கள். ஐந்து வளையங்களின் கதை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 1995-இல் அமெரிக்காவில் ஆல்டெராக் என்டர்டெயின்மென்ட் குரூப் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1993-இல், மேஜிக்: தி கேதரிங் வந்து ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கிவைத்திருந்தது. கடையில் ஒட்டிய பாக்கெட்டாக வாங்குவீர்கள். உள்ளே எந்தச் சீட்டு இருக்கிறது என்று தெரியாது. பிரித்துப் பார்த்து, வேண்டாததை நண்பர்களிடம் கொடுத்து வேண்டியதை வாங்கி, உங்களுக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொள்வீர்கள். எதிரில் இருப்பவரும் அவர் கட்டோடு வருவார். இரண்டு கட்டும் ஒன்றுபோல இருக்காது. அந்த அலையில் வந்த ஆட்டங்கள் ஏராளம். பல, வந்த வேகத்தில் போய்விட்டன. இது மட்டும் 20 வருடம் இடைவிடாமல் நின்றது. ஓவியம் அழகு, விதிகள் ஆழம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கதைதான் காரணம்.

கதை நடக்கும் இடம் ரொகுகான் என்ற கற்பனைப் பேரரசு. சாமுராய்களின் ஜப்பானைப் பார்த்து வரைந்தது, கூடவே சீனத்திலிருந்தும் மற்ற ஆசிய நாடுகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தது. உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள். இதைப் புதிதாக வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதை ஆடிவிட்டு ஜப்பானைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் உதாரணம்: இந்த ஆட்டத்தில் மந்திரம் செய்கிற பூசாரிகளுக்கு 'ஷுகெஞ்சா' என்று பெயர். உண்மையான ஜப்பானில் அந்தச் சொல் மலைகளில் தவம் செய்யும் துறவிகளைக் குறிக்கும். ரொகுகானை ரொகுகானாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் உண்மையான ஒரு நூலிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி எழுதிய ஐந்து வளையங்களின் நூல், நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று ஐந்து பகுதிகள் கொண்டது. நமக்கு இதில் விளக்கமே வேண்டாம். இந்தியாவில் பிறந்த ஐம்பூதக் கருத்து பௌத்தத்தோடு கிழக்கே பயணம் செய்து ஜப்பான் சேர்ந்து, அங்கிருந்து ஓர் அமெரிக்கச் சீட்டுக்கட்டில் ஏறி, என் அலமாரிக்கு வந்திருக்கிறது. அக்கா மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் ஐந்து வளையங்களையும் தரையில் பரப்பி, தமிழில் பெயர் சொல்லி எண்ணினான்.

ரொகுகானின் புராணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரியன் தாய், நிலா தந்தை. தந்தை தன் பிள்ளைகளைக் கண்டு அஞ்சி ஒவ்வொருவராக விழுங்கினான். தாய் ஒருவனை மட்டும் மறைத்து வளர்த்தாள். அவன் பெயர் ஹான்டெய். அவன் வளர்ந்து வந்து தந்தையின் வயிற்றைக் கிழிக்க, உள்ளே இருந்தவர்கள் பூமியில் விழுந்தார்கள். ஹான்டெய் முதல் பேரரசன் ஆனான். மற்றவர்கள் ஆளுக்கொரு குலத்தை நிறுவினார்கள். ஒருவன் மட்டும் பூமியைத் துளைத்துக்கொண்டு பாதாளம்வரை போய்விட்டான். அவன்தான் ஃபூ லெங். அவன் விழுந்த தென்திசை நிலம் நஞ்சாகிப்போனது.

ஏழு பெருங்குலங்கள். நண்டுக் குலம் தெற்கே பெரிய மதில் கட்டி அந்த நஞ்சு நிலத்திலிருந்து அரக்கர்கள் ஏறி வராமல் தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்கிறது. மதிலில் சாகிறவனுக்கு அரசவை நாகரிகம் பேச நேரமில்லை. அதனால் மற்ற குலங்கள் அவர்களை முரடர்கள் என்கின்றன. கொக்குக் குலம் கவிதையும் ஓவியமும் அரசவைப் பேச்சும் ஒற்றைக்கு ஒற்றை வாள் மோதலும் அறிந்தது. சிங்கக் குலம் பெரும் படை. பீனிக்ஸ் குலம் மந்திரமும் அமைதியும். ட்ராகன் குலம் மலைமேல் இருந்துகொண்டு யாருக்கும் புரியாதபடி நடந்துகொள்ளும். உடம்பெல்லாம் பச்சை குத்திய துறவிகள் அங்கே உண்டு. யூனிகார்ன் குலம் பேரரசை விட்டு வெளியேறி, நூற்றாண்டுகள் கழித்துக் குதிரைகளோடும் அந்நியப் பழக்கங்களோடும் திரும்பி வந்தது. கடைசியில் தேள் குலம். முகமூடி போட்டவர்கள். பேரரசு நிலைக்க யாராவது பொய் சொல்லவேண்டும், உளவு பார்க்கவேண்டும், விஷம் வைக்கவேண்டும் என்றால், அந்தப் பழியை ஏற்றுக்கொள்வதுதான் அவர்கள் விசுவாசம். பெட்டியைத் திறந்ததும் பையன் எடுத்த முகமூடிச் சீட்டு தேள் குலத் தலைவன் பயூஷி ஷோஜு.

"இவன் வில்லனா மாமா?"

அந்த ஒரு கேள்வியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஷோஜு ஒரு பழைய தீர்க்கதரிசனத்தைப் படிக்கிறான். ஹான்டெய் வம்சத்தின் கடைசி மன்னன் வழியாக ஃபூ லெங் திரும்பி வருவான் என்று அதில் இருக்கிறது. வம்சமே இல்லாமல் போனால் ஃபூ லெங்குக்கு வழியே இல்லையே என்று கணக்குப் போடுகிறான். தான் காப்பாற்ற வேண்டிய பேரரசனைத் தானே கொன்று அரியணை ஏறுகிறான். அந்தக் காரியம் நிலைக்கவில்லை. மற்ற குலங்கள் திரண்டு வந்து அவனை முடித்தன. தேள் குலம் பேரரசில் பெயரில்லாத குலம் ஆனது. மன்னனைக் காக்கத் தவறிய சிங்கக் குலத் தலைவன் அகோடோ தோதுரி, குலமும் பட்டமும் பறிக்கப்பட்டுத் தெருவில் நின்றான். தப்பிப் பிழைத்த இளவரசன் மன்னனாகி, ஷோஜுவின் மனைவி கச்சிகோவைக் கட்டாயமாக மணந்தான். அவள் அவனுக்கு மெல்ல மெல்ல விஷம் கொடுத்தாள். உடம்பு தளர்ந்த அந்த மன்னனுக்குள்தான் ஃபூ லெங் புகுந்தான். யாரைத் தடுக்க ஷோஜு கை ஓங்கினானோ, அந்த ஓங்கலே அவனை வரவழைத்தது.

இப்போது இதன் அருமையைப் பாருங்கள். 1995-இல் முதல் பதிப்பு வந்தபோது ஆடக் கிடைத்தவை ஆறு குலங்கள்தான். தேள் குலத்தை வைத்துக்கொண்டு யாரும் ஆட முடியாது. கதையில் அந்தக் குலம் தடைசெய்யப்பட்டுவிட்டதே! வாங்கிய சீட்டுக்கட்டில் ஒரு குலம் இல்லாமல் இருப்பதே கதையின் ஒரு வரி. பின்னர் கதை நகர்ந்தபோதுதான் தேள்கள் திரும்பி வந்தார்கள். ஒரு விற்பனைப் பொருளில் இப்படி ஒரு துணிவு எனக்கு இன்றைக்கும் வியப்பு.

பாத்திரங்களையும் அப்படித்தான் நடத்தினார்கள். கதையில் ஒருவருக்குப் பெரிய மாற்றம் நேர்ந்தால் அதே ஆளுக்குப் புதிய சீட்டு ஒன்று வரும், 'அனுபவப்பட்டவர்' என்ற குறிப்போடு. படம் மாறும், பலம் மாறும், சில சமயம் பக்கமே மாறும். நண்டுக் குலத்து ஹிடா யகாமோ, ட்ராகன் குலத்துச் சிறுமி ஹிதோமியின் அண்ணனை மோதலில் கொன்றான். அவள் வளர்ந்து வந்து அவன் கையை வெட்டினாள். வெட்டிய கைக்குப் பதிலாக அவன் ஓர் அரக்கனின் கொடுக்கைப் பொருத்திக்கொண்டான். பிற்பாடு அவனுக்கு மரகதப் பச்சையில் ஜேட் கல் கை ஒன்று வாய்த்தது. அவளுக்கு எரிமலைக் கண்ணாடியான கருங்கை வாய்த்தது. ஒருவரையொருவர் அவ்வளவு வெறுத்த அந்த இருவரும் ஃபூ லெங்கை எதிர்த்து ஒரே களத்தில் நின்றார்கள். அதற்கும் பின்னால் வந்த கதைகளில் பழைய சூரியனும் நிலாவும் மறைய, யகாமோ சூரியன் ஆனான், ஹிதோமி நிலா ஆனாள். ஒரு சீட்டில் வெறும் முரடனாக நுழைந்தவன்! ஆண்டாண்டாக அவனைக் கட்டில் வைத்து ஆடியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கதையை எழுதியவர்கள் முடிவுகளில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்கு விட்டுவைத்தார்கள். போட்டிகளில் எந்தக் குலம் வென்றது என்பதைப் பார்த்துக் கதையில் அந்தக் குலத்துக்கு நன்மை நடக்கும். 1997-இல் மில்வாக்கி நகரில் நடந்த ஜென் கான் விளையாட்டு விழாவில், குலப் போர் என்ற அந்த முதல் பெருங்கதையின் இறுதிநாளையே ஒரு போட்டியாக நடத்தினார்கள். கதையில் அது இரண்டாம் இடிநாள்: ஏழு குலங்களிலிருந்து ஏழு பேர் ஃபூ லெங்கை எதிர்த்து நிற்கும் நாள். பட்டம் பறிபோய்த் தெருவில் நின்ற தோதுரிதான் அதன் முடிவில் பேரரசன் ஆனான். பின்னாளில் இன்னொரு முறை அரியணை காலியானபோது, அடுத்த வம்சம் எது என்ற கேள்வியே ஆட்டக்காரர்களின் வெற்றிகளைச் சுற்றி நகர்ந்தது. ட்ராகன் குலத்தின் கிட்சுகி இவெகோ பேரரசி ஆனாள். ஊர் ஊராக நடந்த 'கோட்டெய்' போட்டிகளுக்கு மக்கள் தங்கள் குலத்தின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். பரிசுக்காக ஆடியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தன் குலத்துப் பாத்திரம் ஒன்று சாகாமல் இருக்கட்டும் என்பதற்காகக் கண்விழித்துக் கட்டு அமைத்தவர்களும் இருந்தார்கள். அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பாதி பதில் இது. புத்தகத்தில் கதை நமக்கு முன்பே முடிந்துவிட்டது. இங்கே அது நம் கைக்காகக் காத்திருந்தது.

மறுபாதி பதில் விதிகளில் இருக்கிறது. என் மனதுக்கு மிக நெருக்கமானதும் அதுதான்.

பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனின் சீட்டிலும் ஓர் எண் இருக்கும். உங்கள் குடும்பத்தின் மானம் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால், கையில் எவ்வளவு பொன் இருந்தாலும் அவன் உங்களிடம் வரமாட்டான். மானமுள்ளவன் மானங்கெட்ட வீட்டில் வேலைக்குச் சேரமாட்டான், அவ்வளவுதான். நண்டுக் குலத்து வீரர்கள் பெரும்பாலும் குறைவாகவே எதிர்பார்ப்பார்கள்; மதிலில் நிற்கிறவனுக்கு அது போதும். ஒரு சீட்டைப் பயன்படுத்திவிட்டால் அதைப் பக்கவாட்டில் திருப்பி வைப்போம். மற்ற ஆட்டங்களில் அதற்கு ஏதேதோ பெயர். இங்கே 'தலைவணங்குதல்'. வெல்வதற்கும் பல வழிகள்: எதிராளியின் நான்கு மாகாணங்களையும் அழிக்கலாம்; உங்கள் மானத்தை 40-க்கு ஏற்றலாம்; எதிராளியின் மானத்தைச் சுழியத்துக்கும் கீழே இருபதுவரை இறக்கலாம்; ஐந்து வளையங்களையும் களத்தில் சேர்த்து ஞானம் அடையலாம். ஒரு போர் ஆட்டத்தில், ஒருவரையும் தொடாமல் ஞானமடைந்து வெல்லும் வழி!

தமிழ் வாசகருக்கு இந்த மானக் கணக்கு அந்நியமாக இருக்காது. வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். ரொகுகானில் ஒரு சாமுராய் ஏன் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்கிறான் என்று மேலைநாட்டு ஆட்டக்காரருக்கு விதிப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கவேண்டும். நமக்கு ஒரு வரி போதும். அதே சமயம் பையனிடம் ஒன்று சொன்னேன்: கதையில் அது கம்பீரமாகத் தெரியும், வாழ்க்கையில் தோற்றவன் எழுந்து நிற்பதுதான் பெரிது, தோதுரியைப் பார்.

2015-இல் ஆல்டெராக் இந்த ஆட்டத்தை ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸுக்கு விற்றது. அவர்கள் கதையைக் குலப் போரின் தொடக்கத்துக்கே திரும்பக் கொண்டுபோய், விதிகளைப் புதிதாக எழுதி, 2017-இல் வெளியிட்டார்கள். பாக்கெட்டில் என்ன இருக்கும் என்ற சூதாட்டம் போய்விட்டது. எந்தப் பெட்டியில் எந்தச் சீட்டு என்று அட்டையிலேயே தெரியும். பழைய ஆட்டத்தின்மேல் உயிரை வைத்திருந்த சிலருக்கு இது ஒப்பவில்லை. கொக்குக் குலத் தலைவன் ஹோதுரி, புதிய கதையில் ஹோதரு என்ற பெண்ணாக மாறியது முதல் பல விஷயங்களில் வாக்குவாதம் நடந்தது. ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு நான் இதையே முதலில் கொடுப்பேன். எங்கள் வீட்டுப் பெட்டியும் இதுதான். காரணம், அதில் இருக்கும் ஒரு சிறு சக்கரம்.

ஆளுக்கொரு சக்கரம். அதில் 1 முதல் 5 வரை எண்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் கையால் மறைத்துக்கொண்டு ஓர் எண்ணைத் திருப்பிவைத்து, ஒரே நேரத்தில் காட்டவேண்டும். எத்தனை வைத்தீர்களோ அத்தனை சீட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதிகம் வைத்தவர், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் மானத்திலிருந்து எதிராளிக்குக் கொடுக்கவேண்டும். மானம் 25-ஐத் தொட்டால் வெற்றி. சுழியத்தைத் தொட்டால் தோல்வி. அவ்வளவுதான் விதி. ஆசைப்பட்டால் மானம் போகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன விதி எதையும் நான் பார்க்கவில்லை.

மீதி விதிகளையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் நான்கு மாகாணங்கள், அவற்றோடு கோட்டை; கோட்டை உடைந்தாலும் தோல்விதான். ஒவ்வொரு சுற்றிலும் விதிக் காசுகள் கிடைக்கும். மாகாணங்களில் தெரியும் வீரர்களை அவற்றைக் கொடுத்து அழைக்கலாம். அழைக்கும்போது ஒருவர்மேல் கூடுதலாகக் காசு வைத்தால், ஒவ்வொரு காசுக்கும் ஒரு சுற்று அதிகமாக அவர் களத்தில் இருப்பார். காசு இல்லாதவர் அந்தச் சுற்றின் முடிவில் போய்விடுவார். எவ்வளவு பெரிய தலைவனாக இருந்தாலும் விதி முடிந்தால் கிளம்பவேண்டியதுதான். பிறகு மோதல். சுற்றுக்கு ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு: ஒன்று வாளால், ஒன்று அரசவைப் பேச்சால். மோதும்போது ஐந்து வளையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தாக்கியவர் வென்றால் அந்த வளையத்தின் பயன் கிடைக்கும். காற்று, எதிராளியிடமிருந்து ஒரு மானத்தைப் பறிக்கும், இல்லையென்றால் உங்களுக்கு இரண்டு தரும். தீ, ஒருவருக்குப் பெருமையோ அவமானமோ சேர்க்கும். வெளி, ஒருவர்மேல் இருக்கும் விதிக் காசு ஒன்றை எடுத்துவிடும். நிலமும் நீரும் சீட்டுக்கும் ஆளுக்கும் உதவும். தாக்க வந்தவரை எதிர்க்க ஒருவரையும் அனுப்பாமல் விட்டுத் தோற்றால், அதற்கும் ஒரு மானம் போகும். அவமானப்பட்ட நிலையில் ஒருவர் களத்தைவிட்டுப் போனாலும் ஒன்று போகும்.

முதல் ஆட்டத்தில் பையன் தேள் குலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தேளுக்குத் தொடக்க மானம் 10. நான் கொக்குக் குலம். முதல் சுற்றில் சக்கரத்தைத் திறந்தோம்: அவன் 5, நான் 1. நான்கு மானத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, கை நிறையச் சீட்டை எடுத்து விசிறி மாதிரி விரித்துக்கொண்டான். இரண்டாம் சுற்றிலும் 5. இரண்டு மானம் மிச்சம். ஆனால் கையில் அத்தனை சீட்டு இருந்ததால் என் மாகாணங்களில் இரண்டை உடைத்துவிட்டான். நான் மிகவும் தடுமாறினேன். மூன்றாம் சுற்றில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். 5 வைத்து நான் 1 வைத்தால் அங்கேயே கதை முடியும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. 1 வைத்தான். நானும் 1.

நான் தீ வளையத்தால் அவன் வீரன் ஒருவனை அவமானப்படுத்தினேன். அந்த வீரன்மேல் விதிக் காசு இல்லை. அடுத்து, காற்று வளையத்தால் ஒரு மானத்தைப் பறித்தேன். இரண்டிலும் அவன் ஆள் அனுப்பி எதிர்த்துத்தான் தோற்றான். மிச்சம் ஒன்று. சுற்றின் முடிவில் காசில்லாத அந்த வீரன், அவமானப்பட்டபடியே களத்தைவிட்டுப் போனான். சுழியம்.

"கோட்டையைத் தொடவே இல்லையே மாமா நீங்க!" என்றான். கோபம் வரவில்லை அவனுக்கு. வியப்புதான். கோட்டை நின்றிருக்க, படை நின்றிருக்க, மானம் போனதால் ஒரு குலம் விழுந்ததை அவன் விரல்களால் செய்து பார்த்திருந்தான். புத்தகத்தில் ஆயிரம் முறை படித்தாலும் இந்த இடம் இப்படிப் பிடிபடாது.

ஆகவே புதியவருக்கு என் முதல் யோசனை: எந்தக் குலம் பலமானது என்று இணையத்தில் தேடாதீர்கள். கதையைக் கேட்டுவிட்டு, எந்தக் குலத்தின் தோல்வி உங்களுக்கு வலிக்கிறதோ அதை எடுங்கள். ஒவ்வொரு குலத்தின் விதிகளும் அதன் குணத்திலிருந்து பிறந்தவை. குணம் பிடித்திருந்தால் விதி தானாகப் படியும். முதல் மூன்று ஆட்டம் சீட்டில் எழுதியிருக்கும் நுணுக்கம் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காமல், சக்கரத்தையும் வளையங்களையும் மட்டும் கவனியுங்கள். தோற்கும்போது எந்தச் சுற்றில் எத்தனை மானம் போனது என்று ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் ஒன்று: வெல்லவேண்டும் என்று ஆடுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள், ஆனால் ஒவ்வொரு சீட்டை இறக்கும்போதும் அதில் இருப்பவர் யார் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். கதை தெரியாமல் ஆடினால் இது எண்களின் சண்டை மட்டுமே, அதற்கு இதைவிட எளிய ஆட்டங்கள் உண்டு.

கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். 2021-ஓடு புதிய சீட்டுகள் வெளிவருவது நின்றுவிட்டது. பழைய பெட்டிகளைக் கைமாற்றாகத்தான் தேடவேண்டும். ஆனால் ஆட்டம் சாகவில்லை. எமரால்ட் லெகசி என்ற ரசிகர் குழு புதிய சீட்டுகளை வடிவமைத்துக்கொண்டும் போட்டிகள் நடத்திக்கொண்டும் இருக்கிறது. ஜிகோகு என்ற தளத்தில் கணினியிலேயே ஒரு பைசா செலவில்லாமல் ஆடலாம். பழைய ஆட்டத்தின் விசுவாசிகளும் தனியே தங்கள் பதிப்பைத் தொடர்கிறார்கள். வாங்குவதற்கு முன் கணினியில் நான்கைந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். முடிந்தால் எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்து ஆடுங்கள். சக்கரத்தைத் திறக்கும் அந்த நொடியில் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பையன் கிளம்பவேண்டிய நாள். காலையிலேயே கடைசி ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டோம். மறுபடியும் தேள் குலம்தான். இந்த முறை சக்கரத்தில் 1, 2 என்று எண்ணி எண்ணி வைத்தான். ஆனாலும் அவன் மாகாணங்கள் மூன்று உடைந்து, என் ஆட்கள் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவனிடம் 4 மானம் இருந்தது. தாக்க வந்தவர்களில் ஒருத்தி சின்ன அரசவைப் பெண். இரண்டே காசு விலை. அவள் இருந்தால் கோட்டை உடையும். இல்லையென்றால் நிற்கும்.

அவன் கையில் 'படுகொலை' என்ற சீட்டு இருந்தது. அதற்குக் காசு எதுவும் வேண்டாம். விலை மூன்று மானம். விலை குறைந்த ஆள் ஒருவரைக் களத்திலிருந்து எடுத்துவிடலாம். சீட்டைக் கீழே வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி வைத்தான்.

"ஷோஜு செஞ்சதும் இதுதானே மாமா?"

"இதேதான்."

மூன்று மானத்தை எண்ணிக் கொடுத்தான். அரசவைப் பெண் போனாள். கோட்டை நின்றது. அவனிடம் ஒன்றே ஒன்று மிச்சம். அடுத்த சுற்றுக்குச் சக்கரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு திருப்பத் தொடங்கினான்.

வாசலில் பையோடு நின்ற அக்கா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரிடா" என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து இத்தனை நாளாக எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கையை உயர்த்தினார். "இருடி. பிள்ளை ஒத்த மானத்துல நிக்குறான்."